ஞாயிறு மட்டும் வரும் இழுப்பு

அக்னெஸ் மாமி தன் தட்டைப் பார்க்கவில்லை. ஹம்சினியின் தட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

சோறு ஆறிக்கொண்டிருந்தது. மாமியின் மகன் நிஷான், ஹம்சினியின் கணவன், பாதித் தட்டைக் காலி செய்துவிட்டான். மாமி மட்டும் விரல்களைச் சோற்றின்மேல் வைத்தபடி பிசையாமல் காத்திருந்தார். ஹம்சினி ஒரு வாய் எடுத்து வைத்தாள். மென்றாள், விழுங்கினாள். அதன் பிறகுதான் மாமியின் விரல்கள் அசைந்தன.

முதல் தடவை தற்செயல் என்றுதான் நினைத்தாள். அடுத்த ஞாயிறு வேண்டுமென்றே தாமதித்துப் பார்த்தாள். தண்ணீர் எடுக்க எழுந்தாள். ஊறுகாய் எடுக்கப் போனாள். திரும்பி வந்தபோதும் மாமியின் தட்டு அப்படியே இருந்தது.

"சாப்பிடுங்க மாமி, ஆறிடும்."

"நீ சாப்பிடு பிள்ளை. சமைச்சுக் களைச்சுப் போனாய்."

கரிசனம் மாதிரித்தான் இருந்தது. ஆனால் கண்கள் ஹம்சினியின் தொண்டையில் இருந்தன.

குளிர் தொடங்கியதிலிருந்து இப்படித்தான். மாமிக்கு ஆஸ்துமா புதிதல்ல. கைப்பையில் வாயில் வைத்து மருந்து இழுக்கும் நீல நிற பம்ப் ஒன்று எப்போதும் கிடக்கும், எப்போதாவது எடுப்பார். ஆனால் இந்தக் குளிர்காலத்தில் இழுப்பு ஒரு கிழமை பார்த்து வரத் தொடங்கியது. ஞாயிறு. காலையில் தேவாலயத்தில் பூசை, பிறகு வீட்டில் சாப்பாடு, பிறகு மூச்சு. எல்லா ஞாயிறும் இல்லை. வந்தால் ஞாயிறுதான். ஒருமுறை ஆம்புலன்ஸே வந்தது. பிறகு கையில் குத்திக் குத்தி ஒவ்வாமைச் சோதனை செய்தார்கள். மீன், இறால், கடலை, எள், எதற்கும் தோல் தடிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை சமைப்பவள் ஹம்சினி. மற்ற நாட்களில் மாமி சமைப்பார்.

யாரும் எதுவும் சொல்லவில்லை. சொல்லியிருந்தால் பதில் சொல்லியிருப்பாள். குளியலறைக்குப் போகும் வழியில் ஒருநாள் மாமி தொலைபேசியில் பேசுவது காதில் விழுந்தது. மறுமுனையில் திரேசம்மா. தேவாலயத்துத் தோழி, காரில் கூட்டிப்போய்க் கூட்டிவருபவர்.

"நான் ஒண்டும் சொல்லேல்லையடி. மரக்கறிக் குடும்பத்துப் பிள்ளை, மீன் கழுவத் தெரியாது எண்டுதான் சொல்லுறன். பெருங்காயம் வேற எல்லாத்துக்கும் போடுறாள். என்ன போடுறாள், ஆர் கண்டது?"

நிஷானும் கேட்டான். பல் துலக்கிக்கொண்டே, கண்ணாடியைப் பார்த்தபடி.

"இண்டைக்கு என்ன எண்ணெய் விட்டனீர்?"

"நீயும்தானே சாப்பிட்ட? உனக்கு ஏதாவது ஆச்சா?"

"கோவிக்காதையும். சும்மா கேட்டனான்."

சும்மா கேட்கிறவன் பதிலுக்காகத் துலக்குவதை நிறுத்த மாட்டான்.

பிரெஞ்சு பேசும் இந்த நகரத்தின் மேற்கே, புவாண்ட்-கிளேரில், ஒரு சோதனைச்சாலையில் ஹம்சினிக்கு வேலை. பிஸ்கட், சூப், சாஸ் என்று வருவதில் சொல்லப்படாத கடலையோ பாலோ எள்ளோ கலந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். ஒரு திங்கட்கிழமை தன் மீன்குழம்பைச் சிறு குப்பியில் எடுத்துப்போய், சாப்பாட்டு இடைவேளையில் யாருக்கும் தெரியாமல் சோதித்தாள். ஒன்றும் இல்லை. அதை வீட்டில் சொல்ல முடியவில்லை. சொன்னால், அவளுக்கே தன் கைமேல் சந்தேகம் வந்தது என்று ஆகிவிடும்.

குழம்பில் ஒன்றும் இல்லையென்றால், வேறு எங்கோ இருக்கிறது. அவள் மாமியைக் கவனிக்கத் தொடங்கினாள்.

கவனித்தால் நிறையத் தெரிந்தது. ஒருநாள் அடுப்பில் கறி தீய்ந்துகொண்டிருந்தது. மாமி பக்கத்திலேயே நின்று வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார். ஹம்சினி உள்ளறையிலிருந்து ஓடிவந்து அணைத்தாள். "எனக்கு மணக்கேல்லை பிள்ளை" என்றார் மாமி, மூக்கைத் துடைத்தபடி. வீடு முழுக்க நாறுகிறது, பக்கத்தில் நிற்பவருக்கு மணக்கவில்லையாம்.

ஆற்றுக்கு அப்பால் லவாலில் தனிவீடு பார்த்துப் போகும் பேச்சை அவள் எடுத்த வாரங்களில்தான் இழுப்பு வந்தது என்பதும் அவளுக்கு நினைவிருந்தது. ஒவ்வொரு தடவையும் நிஷான், "பேந்து பாப்பம்" என்று பேச்சை மூடிவைத்தான்.

எல்லாவற்றையும்விடப் படிக்கட்டு. அவர்கள் இருப்பது பார்க்-எக்ஸ்டென்ஷனில் மேல்மாடி. வெளியே, தெருவிலிருந்து வளைந்து ஏறும் இரும்புப் படிகள். வேலைநாட்களில் மாமி கம்பியைப் பிடித்து, ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல் வைத்து ஏறுவார். "என்ர மாதாவே, முழங்கால்." கதவு திறக்கும்வரை அது உள்ளே கேட்கும். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வரும்போது மட்டும் முனகல் இருக்காது. உறைந்த படியில்கூடப் பையை வீசிக்கொண்டு ஏறிவருவார்.

வேலைநாட்களில் முழங்கால். ஞாயிற்றுக்கிழமைகளில் மூச்சு. இரண்டும் ஒரே நாளில் வருவதில்லை. நடிக்கிறவர்களுக்குத்தான் இந்த ஒழுங்கு இருக்கும் என்று ஹம்சினி முடிவு செய்தாள்.

மார்ச் மாதத்து ஒரு ஞாயிறு. துறைமுகத்தில் கப்பல் தாமதமாக வந்ததால் நிஷானைக் காலையிலேயே வேலைக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். கொள்கலன் லொறிகளை வரிசைப்படுத்தி அனுப்பும் வேலை. போனால் மாலைதான் வருவான்.

மதியம் திரேசம்மாவின் கார் கீழே நின்றது. படியில் முனகல் இல்லை. மாமி கதவைத் திறந்து வந்தார். கையில் டெப்பனர் என்ற தெருமுனைச் சில்லறைக் கடையின் பை.

"சாப்பாடு போடவா மாமி?"

"எனக்கு இண்டைக்குப் பசிக்கேல்லை."

பையிலிருந்து ஒரு பக்கெட் பாண் ரொட்டி, ஒரு போத்தல் தண்ணீர். பாணின் வாய் கட்டியபடியே இருந்தது. தண்ணீரின் மூடியும் திறக்கப்படவில்லை. மாமி அவற்றை மேசையில் வைக்காமல் நேரே தன் அறைக்குக் கொண்டுபோனார். கதவு சாத்தப்பட்டது.

ஹம்சினிக்குக் காது சூடாயிற்று. கடையில் தன் கையால் வாங்கி, தன் கையால் திறந்து, தன் அறையில் இருந்து தின்பது. அவளுடைய சோதனைச்சாலையில் இதற்குப் பெயர் உண்டு. சந்தேகப்படும் பொருளை நீக்கிவிட்டு மற்றதெல்லாம் அப்படியே வைத்துப் பார்ப்பது. இன்று இழுப்பு வராவிட்டால் மாலையில் நிஷானிடம் சொல்ல மாமியிடம் ஒரு வாக்கியம் இருக்கும். "அவள்ட கையால சாப்பிடேல்லை, ஒண்டும் வரேல்லை." அதன் பிறகு இந்த வீட்டில் அவள் எந்தப் பாத்திரத்தைத் தொட்டாலும் பார்த்துக்கொண்டிருப்பார்கள்.

தனியாக உட்கார்ந்து சாப்பிட்டாள். மீன்குழம்பு நன்றாகத்தான் இருந்தது.

தட்டை எடுக்கும்போது அறையிலிருந்து அந்தச் சத்தம் வந்தது. மெல்லிய விசில். மூச்சை வெளியே விடும்போது நீண்டது, உள்ளே இழுக்கும்போது குறுகியது.

ஹம்சினிக்கு வந்த முதல் நினைவு, நல்லது. இரண்டாவது நினைவு, யாருக்காக? நிஷான் வீட்டில் இல்லை. லவால் பேச்சு இல்லை. பாண் தின்றுவிட்டு இழுப்பு வந்தால் மாமியின் கணக்கே தப்பாகிவிடும்.

கதவருகே போய் நின்றாள். தட்டவில்லை. பார்க்க ஆள் இல்லாமல் இது எவ்வளவு நேரம் நடக்கும் என்று பார்க்கலாம் என்று தோன்றியது. உள்ளே விசில் ஏறி இறங்கியது. ஒருமுறை இருமல். மாமி அவளைக் கூப்பிடவில்லை.

பிறகு சத்தம் குறைந்தது. நின்றது.

முடிந்தது. ஹம்சினி சமையலறைக்குத் திரும்பித் தண்ணீரைத் திறந்தாள். தட்டில் பாதி நுரை இருக்கும்போது கை நின்றது. பம்ப் அடித்த சத்தம் கேட்கவில்லையே. அழுத்தினால் 'உஸ்' என்று ஒன்று வரும், இந்த வீட்டில் சுவர் தாண்டிக் கேட்கும். பம்ப் அடிக்காமல் எப்படி நின்றது?

போன தடவை அவசரப் பிரிவில், மூச்சுச் சிகிச்சை தரும் பெண் மாமியின் முதுகில் ஸ்டெதாஸ்கோப் குழலை வைத்துக்கொண்டு அவளிடம் சொல்லியிருந்தாள். விசில் கேட்கும்வரை காற்று எங்கோ ஒரு சந்து வழியாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஆள் தேறாமல் விசில் மட்டும் நின்றால் சந்தும் அடைபட்டது. அப்போதுதான் பயப்பட வேண்டும். அன்று மாமியை நம்பாததால், அதையும் பாதிதான் கேட்டிருந்தாள்.

கதவைத் திறந்தாள்.

மாமி கட்டில் விளிம்பில் முன்னால் குனிந்து, இரண்டு கைகளையும் தொடையில் ஊன்றி உட்கார்ந்திருந்தார். தோள்கள் காதுவரை ஏறியிருந்தன. ஒவ்வொரு மூச்சுக்கும் கழுத்து நரம்புகள் கயிறு போல் புடைத்தன, தொண்டைக்குழி உள்ளே போனது. உதட்டில் சாம்பல் நிறம். நெற்றி நனைந்திருந்தது. இவ்வளவு உழைப்பில் சத்தம் ஒன்றுமே இல்லை.

"மாமி, பம்ப் எங்க?"

"பை..." ஒரு மூச்சு. "பை..." வாக்கியம் இல்லை. ஒரு சொல்லுக்கு ஒரு மூச்சு.

ஹம்சினி 911 அழைத்து ஒலிபெருக்கியில் போட்டுக் கட்டிலில் எறிந்தாள். பிரெஞ்சில் முகவரி சொன்னாள். ஆஸ்துமா, பேச முடியவில்லை, உதடு நிறம் மாறுகிறது. பம்ப் கைப்பையில் கிடைத்தது. அதைப் பொருத்தி இழுக்கும் பிளாஸ்டிக் குழாய், மருத்துவமனையில் கொடுத்தது, மாதா சிலைக்குப் பக்கத்தில் உறை பிரிக்காமல் இருந்தது. பல்லால் கிழித்தாள். குலுக்கி, பொருத்தி, மாமியின் வாயருகே கொண்டுபோனாள்.

மாமி முகத்தைத் திருப்பினார்.

மறுபடி கொண்டுபோனாள். மாமியின் கை எழுந்து குழாயைத் தள்ளியது. வலுவே இல்லாத கை. ஆனால் கண்கள். மேசையில் அவள் தொண்டையைப் பார்க்கும் அதே கண்கள்.

என்ன செய்வது என்று யோசிக்க நேரம் இல்லை. ஹம்சினி குழாயைத் தன் வாயில் வைத்தாள். அழுத்தினாள். ஆழமாக இழுத்தாள். கசப்பு. மாமி பார்க்கும்படி வாயைத் திறந்து காட்டி மூச்சை விட்டாள். குழாயின் வாயைச் சட்டையில் துடைத்தாள்.

"பாத்தீங்களா? இப்ப நீங்க."

மாமி வாயைத் திறந்தார்.

ஒரு அழுத்தல், சில மூச்சு. மறுபடி குலுக்கி, ஒரு அழுத்தல், சில மூச்சு. தொலைபேசியில் இருந்த குரல் நிறுத்தாதே என்றது. படுக்க வைக்காதே, உட்கார்ந்தே இருக்கட்டும் என்றது. "மெதுவா மாமி. பேசாதீங்க. என்னைப் பாருங்க." மாமி அவளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார். இரும்புப் படியில் பூட்ஸ் சத்தம் ஏறி வரும்வரை ஹம்சினி எண்ணிக்கொண்டே அழுத்தினாள்.

மருத்துவமனையில் முகமூடி போட்டார்கள். அதிலிருந்து மருந்து புகையாக வந்துகொண்டே இருந்தது. நரம்பில் ஸ்டெராய்டு, பிறகு மக்னீசியம். டாக்டர் இளம்பெண், பிரெஞ்சில் வேகமாகப் பேசினாள். குழலை மாமியின் முதுகில் வைத்து, இடம் மாற்றி, மறுபடி வைத்துக் கேட்டாள். நெடுநேரத்துக்குப் பிறகு அவள் முகம் தளர்ந்தது.

"விசில் திரும்ப வந்துவிட்டது. நல்லது. முதலில் இரண்டு பக்கமும் ஒன்றுமே கேட்கவில்லை."

இழுப்பு வந்தது என்று கேட்டு ஹம்சினி நிம்மதியாக மூச்சு விட்டது இதுதான் முதல்முறை.

"இன்று என்ன சாப்பிட்டார்?"

"ரொட்டி. நான் கொடுத்ததில்லை." இரண்டாவது வாக்கியத்தை டாக்டர் கேட்கவில்லை. அவளாகத்தான் சொன்னாள்.

"மருந்து, மாத்திரை ஏதாவது?"

ஹம்சினி தமிழில் கேட்டாள். மாமி இல்லை என்று தலையாட்டினார். ஆட்டும்போது ஒரு கை போர்வைக்கு மேல் கிடந்த கைப்பையை இறுக்கியது. கண்கள் வாசல் பக்கம் போயின, நிஷான் வந்துவிட்டானா என்பது போல்.

பொய், என்றது ஹம்சினிக்குள் இருந்த அந்தப் பழைய குரல். ஆனால் எது பொய்? பாணுக்கும் இழுப்பு வந்தது. அப்படியானால் குழம்பு இல்லை. ஆளில்லாத அறையில் சாகக் கிடந்தார், நடிப்பும் இல்லை. இரண்டையும் எடுத்துவிட்டால் ஞாயிற்றுக்கிழமையில் மிச்சம் என்ன இருக்கிறது? பூசை. கார். படி.

"மாமி, முழங்கால் எப்படி இருக்கு?"

முகமூடிக்குள் மாமியின் உதடு நின்றது.

"இன்னிக்குப் படி ஏறும்போது முனகவே இல்ல. ஞாயித்துக்கிழமைன்னா முனக மாட்டீங்க. ஏன் மாமி?"

மாமி கண்ணை மூடிக்கொண்டார். கொஞ்சம் கழித்துக் கைப்பையின் பிடி தளர்ந்தது. உள்ளே, செபமாலைக்கு அடியில், மாத்திரை அட்டையிலிருந்து கத்தரிக்கோலால் வெட்டிய ஒரு வெள்ளித் துண்டு. அதில் இருந்த ஒற்றைக் குமிழி காலியாக இருந்தது. பெயர் வெட்டுப்பட்டுப் போயிருந்தது.

"திரேசம்மா..." மூச்சு. "பூசை முடிய... ஒரு குளிசை... தருவா." மூச்சு. "முட்டுக்காலில... நிண்டு செபிக்கிறது... நோகும்." முகமூடியைக் கையால் பிடித்தார். "தம்பிக்குச் சொல்லாத. ஊர்க் குளிசை... தொடக்கூடாது எண்டு... சத்தியம் வாங்கினவன்."

ஹம்சினி திரேசம்மாவை அழைத்தாள்.

"ஆர்? குளிசையோ? நான் ஒருத்தருக்கும் ஒண்டும் குடுக்கிறேல்லை."

"ஆன்ட்டி, மாமி ஆஸ்பத்திரில இருக்காங்க."

"ஐயோ மாதாவே! நீ என்னத்தைச் சமைச்சுக் குடுத்தனி?"

"பாண். அவங்களே வாங்கினது. பக்கெட்டைக்கூட நான் தொடல." குரல் உயர்ந்தது, பக்கத்துத் திரைக்குள் யாரோ இருமினார்கள். "மாத்திரை பேரு மட்டும் சொல்லுங்க. டாக்டர் நிக்கறாங்க."

"அது நல்ல குளிசை பிள்ளை. குளிர் தொடங்கேக்க என்ர மச்சாள் கொழும்பிலயிருந்து கொண்டு வந்தவ. இஞ்ச எதுக்கெடுத்தாலும் டைலனோல், அது என்னத்துக்குக் காணும்? நானே ஒவ்வொரு நாளும் போடுறன். எனக்கென்ன இழுப்பே வருது?"

"ஆன்ட்டி, பேரு."

"டாக்டரிட்ட என்ர பேர் சொல்லிப்போடாத." இழுப்பறை திறக்கும் சத்தம். "கண்ணாடி எங்க வைச்சன்... டை... டைக்ளோ... ஃபெனாக்."

டாக்டர் அந்தப் பெயரைக் கேட்டதும் நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். மூக்கு எப்போதும் அடைத்திருக்குமா? மணம் தெரிவதில்லையா? ஹம்சினி தமிழில் கேட்கும் முன்பே அடுப்பில் தீய்ந்த கறி நினைவுக்கு வந்தது. ஓம், என்றார் மாமி, கன நாளாய்.

ஆஸ்துமா உள்ள சிலருக்கு ஆஸ்பிரினும் அந்த வகை வலிமாத்திரைகளும் ஆகாது, என்றாள் டாக்டர். விழுங்கிச் சற்று நேரத்தில் மூச்சுக்குழாய் இறுகிவிடும், சில நாள் வெளியே தெரியாத அளவுக்கு, சில நாள் இப்படி. பெரும்பாலும் மூக்கில் சதை வளர்ந்து மணம் போயிருக்கும். தோலில் குத்திப் பார்த்தால் இது தெரியாது. கேட்டால்தான் தெரியும், கேட்டாலும் சொன்னால்தான். மூக்கைப் பார்க்கவும் மற்றச் சோதனைகளுக்கும் வேறு நிபுணரிடம் அனுப்புவதாகச் சொன்னாள். அதுவரை அந்த வகையில் ஒன்றும் தொடக்கூடாது.

அவள் போன பிறகு இருவரும் தனியாக இருந்தார்கள். முகமூடிக்குள் புகை வந்து போயிற்று. மாமிக்கு இப்போது அரை வாக்கியம் வரை மூச்சு இருந்தது.

"நீ கதவுக்கு வெளியில நிண்டனி."

ஹம்சினி போர்வையின் நுனியை இழுத்துச் சரிசெய்தாள்.

"கீழ்ச் சந்தால உன்ர கால் தெரிஞ்சது."

"ஏன் மாமி கூப்பிடல?"

"கூப்பிட்டா..." மாமி மூச்சு எடுத்தார். "வருவியோ எண்டு தெரியேல்லை."

வந்திருப்பேன் என்று சொல்ல ஹம்சினி வாயெடுத்தாள். அந்தக் கதவருகே நின்றவளை அவளுக்கும் தெரியும்.

நிஷான் மஞ்சள் வேலைச் சட்டையோடு திரையை விலக்கி வந்தான். தாயைப் பார்த்தான், கருவியைப் பார்த்தான், பிறகு ஹம்சினியைப் பார்த்தான்.

"என்ன குடுத்தனீர் சாப்பிட?"

அவள் மாமியைத் திரும்பிப் பார்த்தாள். குளிர் தொடங்கியதிலிருந்து அவள்மேல் இருந்த பழியை எடுக்கக்கூடியவர் அந்தக் கட்டிலில் மட்டும்தான் இருந்தார். அந்தக் கதவைப் பற்றிச் சொல்லி, இன்னொன்றை அவள்மேல் வைக்கக்கூடியவரும் அவர்தான்.

மாமி முகமூடியை விரலால் தூக்கினார்.

"அவள்ட கையால நான் ஒண்டும் சாப்பிடேல்லை, தம்பி. தொடேல்லை. அப்பவும் வந்தது." முகமூடியை விட்டார். மறுபடி தூக்கினார். "பம்ப் மட்டும்தான் அவள் தந்தவள். தானும் இழுத்துப் பாத்திட்டுத் தந்தவள்."

"அப்ப எதால?"

மாமி கூரையைப் பார்த்தார். "அவளிட்டக் கேள்."

அது நம்பிக்கையா, மகனுக்குப் பயந்து அவளிடம் தள்ளிவிட்டதா என்று ஹம்சினிக்குத் தெரியவில்லை. வெள்ளித் துண்டை நிஷானின் உள்ளங்கையில் வைத்து மாத்திரையைப் பற்றிச் சொன்னாள். மாமி சொல்லாதே என்றதையும் சேர்த்துச் சொன்னாள். அவன் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான். பிறகு ஏதோ சொல்ல வந்தான்.

"நல்லெண்ணெய்தான்," என்றாள் ஹம்சினி. "அன்னிக்குக் கேட்டியே. நல்லெண்ணெய்தான் விட்டேன்."

ஏப்ரலில் ஒரு ஞாயிறு. படியில் பனி போய்விட்டது. ஹம்சினி சமையலறையில் இருந்தாள். கீழே கார் நின்றது, கதவு சாத்தப்பட்டது, திரேசம்மா ஏதோ சொன்னது கேட்டது. அடுப்பைத் தணித்துவிட்டுக் காது கொடுத்தாள்.

ஒன்றும் இல்லை. காலடி மட்டும்.

கரண்டியைக் கீழே வைத்தாள்.

"என்ர மாதாவே..." இரண்டாம் படியோ மூன்றாம் படியோ. "இந்த முழங்கால்..." கம்பி அதிர்ந்தது. ஒவ்வொரு படிக்கும் ஒரு முனகல், இடையில் நின்று ஒரு பெருமூச்சு, மறுபடி. ஹம்சினி கரண்டியை எடுத்தாள்.

மாமி உள்ளே வந்து, சப்பாத்தைக் கழற்றி, யாரும் கேட்காமலே கைப்பையை மேசையில் கவிழ்த்தார். செபமாலை, நீல பம்ப், காலை மாலை இழுக்கச் சொன்ன புதிய பம்ப், கைக்குட்டை, சில்லறை.

"பார். ஒண்டும் இல்லை."

"நான் ஒண்ணும் கேக்கலையே மாமி."

"கேக்கேல்லை. பாத்தனி."

ஹம்சினி சோறு போட்டாள். இருவரும் உட்கார்ந்தார்கள். பழக்கம், அவள்தான் முதல் வாய் எடுத்தாள். மாமி அவள் தொண்டையைப் பார்க்கவில்லை; மீனில் முள் எடுத்துக்கொண்டிருந்தார்.

"உப்புக் காணாது," என்றார், வாயில் வைத்துவிட்டு.

ஹம்சினி உப்பை நகர்த்தினாள். அப்படியே, சில்லறைக்கு அடியில் ஏதாவது இருக்கிறதா என்றும் ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.